ரிஸ்ட் ஸ்ட்ராப்பா, மேட்டா? நிலைமின்சாரத்துக்கு எதிரான முதல் செலவு

திருமங்கலத்தில் இருக்கும் என் தங்கை மகன் பாலிடெக்னிக் முடித்துவிட்டு, வீட்டு முன்னறையிலேயே லேப்டாப், கம்ப்யூட்டர் சர்வீஸ் தொடங்கியிருக்கிறான். போன மாதம் போனில் கேட்டான்: "மாமா, ஸ்டாட்டிக்குக்கு என்ன வாங்கணும்? ரிஸ்ட் ஸ்ட்ராப் போதுமா, மேட்டும் வேணுமா? வயரே இல்லாத ஸ்ட்ராப் ஒண்ணு ஆன்லைன்ல பாத்தேன், அதுதான் வசதியாத் தெரியுது. கையில ரெண்டாயிரம் ரூபாதான் இருக்கு."

ஸ்டாட்டிக் என்றால் நிலைமின்சாரம். ரிஸ்ட் ஸ்ட்ராப் மணிக்கட்டில் கட்டும் பட்டை, மேட் மேசையில் விரிப்பது, இரண்டும் அந்தச் சார்ஜை இறக்கத்தான். போனில் பாதிதான் சொல்ல முடிந்தது. அடுத்த ஞாயிறு நேரில் போனேன். மேசை சுத்தமாக இருந்தது. நல்ல விளக்கு, டெம்பரேச்சர் செட் பண்ணும் சோல்டரிங் ஸ்டேஷன், ஸ்க்ரூ டிரைவர் செட் எல்லாம் இருந்தன. ஓரத்தில் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் துண்டு. அதில் பத்துப் பன்னிரண்டு மாஸ்ஃபெட் என்னும் டிரான்சிஸ்டர்களும் நாலைந்து ஐ.சி.களும் கால் ஊன்றி வரிசையாக நின்றுகொண்டிருந்தன. கால் வளையாது, தேடவும் வேண்டாம், எல்லாம் கண்முன்னாலேயே இருக்கும் என்றுதான் அப்படிச் செய்கிறார்கள். காலேஜ் லேபில்கூட இதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் எளிதில் சார்ஜ் ஏறி, ஏறியதை விடாமல் பிடித்துவைக்கும் பொருள்களில் தெர்மோகோல் முன்வரிசையில் நிற்பது. உடைத்தால் தூள் கையில் ஒட்டிக்கொண்டு உதறினாலும் போகாதே, அது நிலைமின்சாரத்தின் வேலைதான். சாதாரண மாஸ்ஃபெட் ஒன்றின் கேட் என்னும் கால் தாங்கும் அளவு பெரும்பாலும் கூட்டல் கழித்தல் 20 வோல்ட். அதைக் கொண்டுபோய் ஆயிரக்கணக்கான வோல்ட் தேங்கும் பொருளில் குத்தி வைத்திருந்தான்.

அன்று மாலை வரை இருவரும் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவனைப் போல ஆரம்பிக்கும் பலருக்கும் இதே கேள்வி இருக்கும்.

முதலில் அளவுகள். கார்ப்பெட்டில் நடக்கும்போது, காற்று நன்றாக உலர்ந்திருந்தால், உடம்பில் 35,000 வோல்ட் வரை ஏறலாம். ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அதே நடையில் 1,500 வோல்ட். வினைல் தரையில் 12,000, ஈரமான காற்றில் 250. மேசையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாலே உலர்ந்த காற்றில் 20,000, ஈரக் காற்றில் 1,200. இ.எஸ்.டி., அதாவது நிலைமின்சாரப் பாய்ச்சல் பற்றிய பயிற்சிகளில் பல காலமாகக் காட்டும் அட்டவணை இது. ஒரு பொறி தெறித்ததை நம் விரல் உணர வேண்டுமானால் சுமார் 3,000 வோல்ட் வேண்டும். அதற்குக் கீழே எது நடந்தாலும் நமக்குத் தெரியாது. போர்டுக்குத் தெரியும்.

உடம்பை 100 பிக்கோஃபாரட் கெப்பாசிட்டராகவும் அதோடு 1,500 ஓம் ரெசிஸ்டராகவும் எடுத்துக்கொண்டுதான் ஐ.சி. தயாரிப்பாளர்கள் சோதனை செய்கிறார்கள். 3,000 வோல்ட் ஏறிய கையால் ஐ.சி.யின் ஒரு காலைத் தொட்டால் அந்த நொடியில் பாயக்கூடிய உச்ச மின்னோட்டம் 2 ஆம்பியர். சில நூறு நானோ நொடிக்குள் எல்லாம் முடிந்துவிடும். மொத்த ஆற்றல் அரை மில்லிஜூல்கூட இல்லை. ஆனால் அது இறங்கும் இடம் ஐ.சி.க்குள் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலம்.

இதில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது உடனே சாகும் போர்டு இல்லை. அது செத்தால் தெரிந்துவிடும், மாற்றிவிடலாம். அரைகுறையாக அடிபட்டு, அன்றைக்கு வேலை செய்து, சோதனையில் தேறி, வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய் மூன்று வாரம் கழித்துத் தகராறு செய்யும் போர்டுதான் பிரச்சினை. பல வருடத்துக்கு முன் ஒரு கல்லூரி மாணவிக்கு ராம் மாற்றிக் கொடுத்தேன். நைலான் பாய் விரித்த அறையில், ஃபேனுக்குக் கீழே, வெறுங்கையால் செய்த வேலை. ஒரு மாதத்துக்குள் மெஷின் திடீர் திடீரென்று ரீஸ்டார்ட் ஆக ஆரம்பித்தது. ப்ராஜெக்ட் சமர்ப்பிக்கும் வாரம் அது. வேறு ராம் போட்டதும் சரியாகிவிட்டது. என் கைதான் காரணம் என்று நிரூபிக்க வழியில்லை. இல்லை என்று சொல்லவும் வழியில்லை. அன்றிலிருந்து கையில் பட்டை கட்டாமல் ஒரு போர்டையும் நான் தொடுவதில்லை.

சரி, எந்த வழி மேல் என்று எதை வைத்துப் பார்ப்பது? நான் பார்ப்பது ஒன்றைத்தான். என் உடம்பு, என் கருவி, அந்த போர்டு ஆகிய மூன்றும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கிறதா? மூன்றும் ஒரே மட்டத்தில் இருந்தால் எதிலிருந்து எதற்கும் பொறி பாயாது. இரண்டு தொட்டியிலும் தண்ணீர் மட்டம் ஒன்றாக இருந்தால் நடுவில் உள்ள குழாயில் ஓட்டம் இருக்காது, அதே கணக்கு. எர்த் என்பது அந்த மட்டத்தை எல்லாருக்கும் பொதுவாக வைத்துக்கொள்ள வசதியான ஒரு இடம். இதை மனதில் வைத்துப் பார்த்தால் கடையில் விற்கும் பாதிப் பொருள்களின் தரம் தானாகவே தெரிந்துவிடும்.

செலவே இல்லாத வழி, கேபினெட்டின் உலோகத்தைத் தொட்டுவிட்டு வேலை செய்வது. பெயிண்ட் அடிக்காத உலோகப் பகுதியை, பவர் சப்ளையின் பின்புறம் இருக்கும் ஸ்க்ரூவைத் தொட்டால் உடம்பில் இருந்த சார்ஜ் இறங்கிவிடும். இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். வருடத்துக்கு ஒருமுறை சொந்த டெஸ்க்டாப்பில் ராம் சேர்ப்பவருக்கு இது போதும். இடது கையின் மணிக்கட்டோ முழங்கையோ கேபினெட்டின் மேல் பட்டபடியே இருக்க, வலது கையால் ராமைப் பொருத்தினால் அது கிட்டத்தட்ட ஸ்ட்ராப் கட்டிய மாதிரிதான்.

குறை எங்கே என்றால், அந்தத் தொடுதல் அந்த நிமிடத்துக்கு மட்டும்தான். தொட்டுவிட்டு நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தாலே மறுபடி ஏறும். எழுந்து போய் பிளாஸ்டிக் கவரைப் பிரித்து ராமை எடுத்து வந்தால் மறுபடி ஏறும். நினைவில் வைத்துத் திரும்பத் திரும்பத் தொட வேண்டும். நாளுக்கு எட்டு மெஷின் பார்ப்பவர் ஆறாவது மெஷினில் மறந்துவிடுவார். அப்புறம், லேப்டாப்புக்கும் மொபைலுக்கும் தொடுவதற்கு இப்படிப் பெரிய சேசிஸும், அதாவது உலோகக் கூடும் கிடையாது.

வயர் உள்ள ரிஸ்ட் ஸ்ட்ராப் இதைத் தொடர்ச்சியாகச் செய்கிறது. தோலில் படும் உட்புறம் மின்கடத்தும் இழை அல்லது உலோகத் தகடு, அதில் ஒரு பிரஸ் பட்டன், அதிலிருந்து சுருள் வயர், அதன் முனையில் முதலைக் கிளிப் அல்லது பின். அவ்வளவுதான் பொருள். ஆனால் வயருக்குள் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது, 1 மெகா ஓம் ரெசிஸ்டர். தவறிப்போய் 230 வோல்ட் ஃபேஸ் கையில் பட்டாலும், இந்த வயர் வழியாக ஓடக்கூடியது 0.23 மில்லி ஆம்பியர்தான். உயிருக்கு ஆபத்து வராமல் இருக்கத்தான் அது. நிலைமின்சாரம் இறங்குவதற்கு 1 மெகா ஓம் ஒரு தடையே இல்லை, ஒரு நொடிக்கும் வெகு குறைவான நேரத்தில் இறங்கிவிடும். ஆகவே ஸ்ட்ராப்புக்குப் பதில் சாதாரண வயரை மணிக்கட்டில் சுற்றி எர்த்தில் சொருகும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். போர்டு பிழைக்கும், மனிதர் பிழைப்பது உறுதியில்லை.

ஸ்ட்ராப்பில் நான் விரும்பும் இன்னொரு குணம், அது வேலை செய்கிறதா என்று நாமே பார்த்துக்கொள்ளலாம். மல்டிமீட்டரை மெகா ஓம் ரேஞ்சில் வைத்து, ஒரு ப்ரோபை பிரஸ் பட்டனிலும் மற்றதை கிளிப்பிலும் வைத்தால் 1 மெகா ஓம் பக்கத்தில் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் வயர் உள்ளே அறுந்திருக்கிறது. பூஜ்யம் காட்டினால் ரெசிஸ்டரே வைக்காத மட்டமான பொருள், உடனே தூக்கிப் போடுங்கள். சுருள் வயர் பட்டனோடு சேரும் இடத்தில்தான் பெரும்பாலும் அறுகிறது. வெளியே உறை நன்றாகத்தான் இருக்கும், உள்ளே செம்பு இருக்காது. மீட்டரில் வைத்தபடியே வயரை அந்த இடத்தில் மெல்ல வளைத்துப் பாருங்கள், அளவு தாவினால் அது முடிந்துவிட்ட ஸ்ட்ராப். தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் ஆரம்பிக்கும் முன் ஒவ்வொருவரும் டெஸ்டரில் விரல் வைத்து பச்சை விளக்கு வந்த பிறகுதான் உள்ளே போகிறார்கள். அங்கே பின்பற்றும் தரநிலை, ஸ்ட்ராப்பும் கட்டியவரின் உடம்பும் சேர்ந்து 35 மெகா ஓமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. வீட்டு மேசையில் வாரம் ஒருமுறை மீட்டரில் வைத்துப் பார்த்தால் போதும்.

ஸ்ட்ராப் தோலில் படவேண்டும். சட்டைக் கைக்கு மேல் கட்டுவதும், வியர்க்கிறது என்று தொளதொளவென்று விடுவதும் கட்டாததற்குச் சமம். கிளிப்பை எங்கே மாட்டுகிறோம் என்பதும் அப்படித்தான். மரமேசையின் ஸ்க்ரூவிலும், பெயிண்ட் அடித்த ஜன்னல் கம்பியிலும் மாட்டி வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஸ்க்ரூ மரத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் சார்ஜ் போக வழியில்லை.

வயர் இல்லாத ஸ்ட்ராப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. அது வேலை செய்யாது. சார்ஜ் இறங்க ஒரு பாதை வேண்டும், இதில் பாதையே கிடையாது. காற்றில் கரைந்துவிடும் என்று விளம்பரத்தில் எழுதியிருப்பார்கள். போர்டைக் கெடுக்கப் போதுமான சில நூறு வோல்ட் அப்படிக் கரையாது, உடம்பிலேயே இருக்கும். கையில் ஏதோ கட்டியிருக்கிறோம் என்ற தைரியத்தில் சேசிஸைத் தொடும் பழக்கத்தையும் விட்டுவிடுவோம். வெறுங்கையை விட இது மோசம் என்றே சொல்வேன். மருமகனிடமும் இதை அழுத்தித்தான் சொன்னேன்.

மேட் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. ஸ்ட்ராப் நம்மைப் பார்த்துக்கொள்கிறது, போர்டை யார் பார்த்துக்கொள்வது? கழற்றிய போர்டு மேசையில் கிடக்கிறது. மேசை சன்மைக்கா. அதன் மேல் போர்டை இழுத்து வைத்தாலே போர்டில் சார்ஜ் ஏறும். ஸ்ட்ராப் கட்டிய, எர்த்தோடு சேர்ந்த கை அதைத் தொடும்போது, இப்போது போர்டிலிருந்து கைக்குப் பாயும். திசை மாறினாலும் அடி அடிதான். மேட் போர்டையும் கருவியையும் நம் மட்டத்துக்கே கொண்டுவருகிறது.

அப்படியானால் ஒரு எவர்சில்வர் தகட்டை விரித்து எர்த் கொடுத்தால் போதாதா என்று மருமகன் கேட்டான். நல்ல கேள்வி. சார்ஜ் ஏறிய ஐ.சி. ஒன்று வெறும் உலோகத்தின் மேல் பட்டால், தடையே இல்லாததால் எல்லாம் ஒரே வெட்டில், சுமார் ஒரு நானோ நொடிக்குள் பாய்ந்துவிடும். கையிலிருந்து பாய்வதை விட அந்த உச்சம் கடுமையானது. அதனால்தான் நல்ல மேட்டின் மேற்புறம் பத்து லட்சம் ஓமிலிருந்து நூறு கோடி ஓம் வரைக்குள் மெதுவாகக் கடத்தும்படி செய்யப்படுகிறது. சார்ஜ் இறங்க வேண்டும், ஆனால் பதமாக இறங்க வேண்டும். மேலே பச்சை அல்லது நீலம், அடியில் நன்றாகக் கடத்தும் கறுப்பு என்று இரண்டு அடுக்கு இருக்கும். மூலையில் பிரஸ் பட்டன் இருக்கும், அதில்தான் எர்த் வயர் மாட்டுவது.

இங்கே ஒரு எச்சரிக்கை. மொபைல் சர்வீஸ் கடைகளில் பரவலாக இருக்கும் நீலநிற சிலிக்கான் மேட், அதுதான், ஸ்க்ரூ வைக்கக் குழிகளும் காந்தப் பட்டையும் உள்ளது, சூடு தாங்குவதற்காகச் செய்தது. ஹாட் ஏர் அடித்தால் மேசை கருகாது, அதற்கு மிக நல்லது. ஆனால் சாதாரண சிலிக்கான் ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாத பொருள், உரசினால் நன்றாகச் சார்ஜ் ஏறும் பொருளும்கூட. எர்த் மாட்ட பிரஸ் பட்டன் இல்லாத மேட்டை ஸ்டாட்டிக் மேட் என்று நம்பி வாங்காதீர்கள். வாங்கியாகிவிட்டது என்றால் சோல்டரிங் செய்யும் இடத்தில் மட்டும் சின்னதாகப் போட்டுக்கொண்டு, போர்டு கிடக்கும் இடத்தில் இரண்டடுக்கு மேட்டை விரியுங்கள்.

மேட்டின் மேல் டீ கிளாஸ், சார்ஜர், பிளாஸ்டிக் டப்பா என்று அடுக்கிவிட்டால் அது வெறும் மேசை விரிப்பாகிவிடும். ஃப்ளக்ஸும் தூசியும் படிந்தாலும் கடத்தும் தன்மை போய்விடும், அவ்வப்போது துடைக்க வேண்டும். விலையைப் பார்த்தால் ஸ்ட்ராப் சில நூறு ரூபாய்க்குள் முடியும், நல்ல மேட் அதைப் போலப் பல மடங்கு. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் ஸ்ட்ராப். நம் உடம்புதான் நடக்கிறது, உட்காருகிறது, கவரைப் பிரிக்கிறது, அதில்தான் ஓயாமல் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கிறது. மேட் மட்டும் விரித்து ஸ்ட்ராப் கட்டாமல் இருந்தால், போர்டு எர்த்தில் இருக்க, சார்ஜோடு வரும் கை அதைத் தொடும். அதைவிட நல்ல பொறிக்கு வழி வேறு இல்லை.

செருப்பு, தரை, துணி ஆகியவற்றைப் பற்றி ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். செருப்பில்லாமல் சிமெண்ட் தரையில் நின்று வேலை செய்தால் சார்ஜ் ஓரளவு இறங்கும் என்பது உண்மைதான். பழைய சிமெண்ட் தரை கொஞ்சம் கடத்தும். ஆனால் இப்போதைய வீடுகளில் பளபளக்கும் விட்ரிஃபைட் டைல்ஸ், அது கடத்தாது. ரப்பர் செருப்பு போட்டால் அதுவும் இல்லை. தொழிற்சாலையில் குதிகாலில் பட்டை கட்டுகிறார்கள், உண்மை, ஆனால் அங்கே தரையும் கடத்தும்படி போடப்பட்டிருக்கும். வீட்டுத் தரையில் அதை வாங்கிக் கட்டிப் பயனில்லை. துணியைப் பொறுத்தவரை பாலியஸ்டரை விடப் பருத்தி நல்லது. அது பழக்கம், காப்பு இல்லை.

நம் ஊரில் ஈரப்பதம் அதிகம், ஸ்டாட்டிக்கெல்லாம் குளிர் நாட்டுப் பிரச்சினை என்று சொல்பவர்கள் நிறையப் பேர். சென்னைக் கடற்கரையோரத்தில் அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் மேலே சொன்ன அட்டவணையைத் திரும்பப் பாருங்கள், ஈரமான காற்றிலும் பிளாஸ்டிக் கவரை எடுத்தால் 1,200 வோல்ட். நமக்கு உறைக்காது, அதனால் இல்லை என்று நினைக்கிறோம். குளிர் நாட்டில் கதவுக் கைப்பிடியைத் தொட்டாலே விரலில் பொறி தெறிக்கும், அவர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. நமக்கு அந்த எச்சரிக்கையே வருவதில்லை. அதோடு ஏ.சி. அறையில் காற்று உலர்ந்துவிடும், உள்மாவட்டங்களில் பங்குனி சித்திரை நடுப்பகலிலும் அப்படித்தான். ஈரப்பதம் உதவிக்கு வரும், அதை நம்பி மற்றதை விட முடியாது.

அயனைசர் என்ற ஒன்றும் விற்கிறது, சின்ன ஃபேன் மாதிரி இருக்கும். கூட்டல், கழித்தல் அயனிகளைக் காற்றில் ஊதி, எர்த் கொடுத்தாலும் பயனில்லாத பிளாஸ்டிக், கண்ணாடி போன்றவற்றின் மேல் உள்ள சார்ஜைத் தணிக்கும். டிஸ்ப்ளே மேல் உள்ள ஃபிலிமை உரிக்கும்போது பெரிய அளவில் சார்ஜ் ஏறும், அங்கே இதுதான் சரியான கருவி. நாள் முழுக்க மொபைல் டிஸ்ப்ளேதான் மாற்றுகிறீர்கள் என்றால் யோசிக்கலாம். ஊசிமுனைகளில் அழுக்குப் படிந்தால் சமநிலை தவறி, அதுவே சார்ஜ் ஏற்ற ஆரம்பித்துவிடும், பராமரிப்பு வேண்டும். ஆரம்பிப்பவருக்கு இது வேண்டாம். செலோ டேப், தெர்மோகோல், பபிள் ராப், டீ வாங்கி வந்த கவர் எல்லாவற்றையும் மேசையிலிருந்து ஓரடி தள்ளி வைத்தாலே அயனைசர் செய்யும் வேலையில் பாதி இலவசமாக நடந்துவிடும்.

பெரும்பாலானோர் கோட்டைவிடும் இடம் கவர். ரோஸ் நிறக் கவர், வெள்ளி நிறக் கவர் இரண்டையும் ஸ்டாட்டிக் கவர் என்றே சொல்கிறோம். இரண்டும் வேறு. ரோஸ் கவர் தானாகச் சார்ஜ் ஏற்றாது, அவ்வளவுதான். வெளியிலிருந்து வரும் பொறியை அது தடுக்காது. அதன் மேல் உள்ள பூச்சின் குணமும் நாளாக ஆகக் குறையும். வெள்ளிக் கவரில் உள்ளே ஒரு மெல்லிய உலோகப் படலம் இருக்கிறது, போர்டைச் சுற்றி ஒரு கூண்டு மாதிரி நின்று காக்கிறது. வாயை மடித்து மூடினால்தான் கூண்டு. பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் போர்டுக்குக் காப்பு இல்லை. கசங்கி ஓட்டை விழுந்த கவரும் அப்படியே. புது ஹார்ட் டிஸ்க், மதர்போர்டு வந்த வெள்ளிக் கவர்களை நல்ல நிலையில் இருந்தால் எறியாமல் வைத்துக்கொள்ளுங்கள், வாடிக்கையாளரின் போர்டை வைக்க உதவும்.

கறுப்பு நிறக் கவரும் உண்டு, அது வெளிப்புறமே நன்றாகக் கடத்தும். ஐ.சி., ராம் வைக்கலாம். பட்டன் பேட்டரி உள்ள மதர்போர்டை அதில் வைத்தால் பேட்டரி ஷார்ட் ஆகலாம். வெறும் ஐ.சி.க்கு இவை எல்லாவற்றையும் விடச் சிறந்தது கறுப்பு நுரை. அதில் குத்தி வைத்தால் எல்லாக் கால்களும் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே மட்டத்தில் இருக்கும். மருமகனின் தெர்மோகோலைத் தூக்கிப் போட்டுவிட்டு, என் பையில் இருந்த கறுப்பு நுரைத் துண்டில் மாஸ்ஃபெட்டுகளை மாற்றினோம். ஒவ்வொன்றையும் மீட்டரில் பார்த்தபோது இரண்டில் கேட்டுக்கும் சோர்ஸ் என்னும் இன்னொரு காலுக்கும் இடையே ஷார்ட். வாங்கும்போதே அப்படியா, தெர்மோகோலாலா, தெரியாது.

சோல்டரிங் அயர்னைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு பின் உள்ள விலை குறைந்த அயர்னில் முனைக்கு எர்த் கிடையாது. ஹீட்டரிலிருந்து கசியும் மின்சாரம் முனை வழியாக நேரே ஐ.சி.யின் காலுக்குப் போகும். கையில் ஸ்ட்ராப், கீழே மேட், கையில் பிடித்திருப்பது இரண்டு பின் அயர்ன் என்றால் கதவைப் பூட்டி ஜன்னலைத் திறந்து வைத்த மாதிரிதான். மூன்று பின் ஸ்டேஷன்தான் வாங்க வேண்டும். மருமகன் இதைச் சரியாகச் செய்திருந்தான்.

ஆனால் அந்த மூன்றாவது பின் எங்கே போகிறது?

அவன் வீட்டு டெஸ்க்டாப் கேபினெட்டின் மேல் என் புறங்கையை வைத்தேன். மெல்லிய சுரசுரப்பு. விரலை மெதுவாக நகர்த்தினால் உலோகம் அதிர்வது போல இருந்தது. "அது எப்பவும் அப்படித்தான் மாமா, லேசா ஷாக் அடிக்கும்" என்றான். எர்த் இல்லாத வீட்டுக்கு அதுதான் அடையாளம். பவர் சப்ளைக்குள் ஃபேஸிலிருந்து ஒன்றும் நியூட்ரலிலிருந்து ஒன்றுமாக இரண்டு சின்னக் கெப்பாசிட்டர்கள் சேசிஸோடு சேர்ந்திருக்கும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு எர்த்துக்குப் போய்விடும். இல்லாவிட்டால் சேசிஸ் 230-க்குப் பாதி, சுமார் 115 வோல்ட்டில் நின்றுகொண்டிருக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு, உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் இந்த நிலையில் ஸ்ட்ராப்பை சாக்கெட்டின் எர்த்தில் மாட்டினால், நாம் மாட்டுவது எர்த்திலேயே இல்லை, கெப்பாசிட்டர் வழியே பாதி வோல்ட்டில் ஆடிக்கொண்டிருக்கும் ஒரு வயரில்.

அதனால் எந்தப் பட்டியலிலும் முதல் செலவு எலக்ட்ரீஷியனுக்குத்தான். மல்டிமீட்டரைப் பயமின்றிப் பயன்படுத்தத் தெரிந்தவர் சாக்கெட்டில் ஏ.சி. வோல்ட்டேஜ் பார்க்கலாம். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 பக்கம், ஃபேஸுக்கும் எர்த்துக்கும் ஏறக்குறைய அதே, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் சில வோல்ட்டுக்குள். எர்த் அளவு 80, 110 என்று தொங்கினால் வயர் எங்கேயோ விட்டிருக்கிறது. மீட்டர் சரியாகக் காட்டிவிட்டாலும் எர்த் பலமானது என்று அர்த்தமில்லை, அதை எலக்ட்ரீஷியன் லோடு கொடுத்துப் பார்க்க வேண்டும். கரியும் உப்பும் போட்டு இறக்கிய பழைய எர்த் குழி கோடையில் காய்ந்துபோய்விடும், தண்ணீர் ஊற்ற வேண்டும். தண்ணீர்க் குழாயில் எர்த் எடுக்கலாம் என்ற பழைய யோசனை இப்போது பயன்படாது, பெரும்பாலும் பி.வி.சி. குழாய்தான்.

இன்னொன்று. பவர் சப்ளையை சாக்கெட்டில் சொருகிவிட்டு சுவிட்சை மட்டும் ஆஃப் செய்தால் எர்த் தொடர்பு இருக்கும், அதில் கிளிப் மாட்டலாம் என்பார்கள். நம் ஊர் சுவிட்ச் ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும், எர்த் வயர் தொடர்ந்து இணைந்தே இருக்கும், ஆகவே யோசனை சரிதான். ஆனால் ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றிக் கொடுத்த சாக்கெட்டுகள் எத்தனையோ. அங்கே சுவிட்சை ஆஃப் செய்தாலும் உள்ளே ஃபேஸ் நிற்கும். டெஸ்டர் வைத்துப் பார்க்காமல் இதைச் செய்யாதீர்கள். பவர் சப்ளையின் பின்புறச் சுவிட்சையும் ஆஃப் செய்யுங்கள், இல்லாவிட்டால் மதர்போர்டில் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை இருந்துகொண்டே இருக்கும், ராமைக் கழற்றும்போது அதுவே கெடுத்துவிடும். பவர் சப்ளையையோ பழைய டி.வி.யையோ ஓடவிட்டுத் திறந்து பார்க்கும்போது மட்டும் ஸ்ட்ராப்பைக் கழற்றி வையுங்கள்.

வாடகை வீடு, எர்த் போட ஓனர் சம்மதிக்கவில்லை என்றால்? அப்போதும் வழி உண்டு. மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஸ்ட்ராப், மேட், சேசிஸ் மூன்றையும் ஒரே புள்ளியில் சேர்த்துவிடுங்கள். பூமியோடு தொடர்பு இல்லாவிட்டாலும் மூன்றும் ஒரே மட்டத்தில் இருக்கும், போர்டுக்கு அதுதான் வேண்டும். எர்த் உள்ள மேசையின் அளவுக்கு உறுதியாக இருக்காது, வெளியிலிருந்து எதையாவது கொண்டுவந்து வைக்கும்போது முதலில் மேட்டில் வைத்துவிட்டுத் தொட வேண்டும். சோல்டரிங் அயர்னுக்கு மட்டும் இந்தச் சமாளிப்பு உதவாது, அதற்கு உண்மையான எர்த் வேண்டும்.

இவ்வளவும் பேசிவிட்டு அவனுக்கு நான் சொன்னது: வயர் இல்லாத ஸ்ட்ராப்பை மறந்துவிடு. இந்த இரண்டாயிரத்தில் முதலில் எலக்ட்ரீஷியன். மிச்சத்தில் வயர் உள்ள ஸ்ட்ராப் இரண்டு, ஒன்று அறுந்தால் வேலை நிற்கக் கூடாது. வெள்ளிக் கவர் ஒரு கட்டு, கறுப்பு நுரை ஒரு தகடு. மேட் அடுத்த மாதம், முதல் வருமானத்தில், இரண்டடுக்கு, பிரஸ் பட்டன் உள்ளதாகப் பார்த்து. அதுவரை கழற்றிய போர்டை வெள்ளிக் கவரிலேயே வை, கையில் எடுக்கும்போது விளிம்பில் பிடி. இதே கேள்வியை வருடத்துக்கு ஒருமுறை ராம் மாற்றுபவர் கேட்டிருந்தால், ஒன்றும் வாங்க வேண்டாம், சேசிஸில் கை வைத்தபடியே செய்யுங்கள் என்றிருப்பேன். நாள் முழுக்க போர்டு சர்வீஸ் செய்யும் கடைக்காரர் கேட்டிருந்தால் ஸ்ட்ராப்பும் மேட்டும் ஒரே நாளில் வாங்கச் சொல்லியிருப்பேன், தள்ளிப்போடவே விடமாட்டேன்.

மறுநாள் எலக்ட்ரீஷியன் வந்து சுவிட்ச் போர்டைத் திறந்தார். பச்சை வயர் இருந்தது. நுனியில் இன்சுலேஷன் டேப் சுற்றி, பெட்டிக்குள் மடித்து வைத்திருந்தார்கள். எந்தச் சாக்கெட்டோடும் சேர்க்கவில்லை. வெளியே எர்த் குழியையும் பார்த்து, பைப்பில் துருப்பிடித்த கிளாம்ப்பை மாற்றி, இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, லோடு கொடுத்துப் பார்த்தார். மேசைக்குப் பக்கத்திலேயே ஒரு எர்த் ஸ்க்ரூவும் தனியாக வைத்துக் கொடுத்தார், ஸ்ட்ராப்பும் பின்னால் வரப்போகும் மேட்டும் மாட்ட. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் மீட்டர் 2 வோல்ட் காட்டியது.

அன்று இரவு மருமகன் போன் செய்தான். "கேபினெட் மேல கை வச்சுப் பாத்தேன் மாமா. அந்தச் சுரசுரப்பு போயிருச்சு."